ஜப்பானியப் பெண் பெயர்களின் பொருளை அறிவது எப்படி?

ஜப்பானியப் பெண் பெயர்களுக்குப் பொருள் சொல்லும் பட்டியல்களுக்குக் குறைவில்லை. யுகி என்றால் வெண்பனி, அகிகோ என்றால் இலையுதிர்காலத்துக் குழந்தை, ஹருகா என்றால் வசந்தத்தின் நறுமணம் என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரே வரியில் விடை தந்துவிடும் அந்தப் பட்டியல்களை அப்படியே நம்புபவர் தவறான பொருளை எழுதிவிட நேரும். யுகி என்ற பெயரை வெண்பனியைக் குறிக்கும் எழுத்தால் எழுதலாம். நற்பேற்றைக் குறிக்கும் வேறோர் எழுத்தால் எழுதலாம். ‘உளது’, ‘நம்பிக்கை’ என்னும் பொருளுடைய இரண்டு எழுத்துகளை அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். இப்படி மூன்று விதமாக எழுதும் மூன்று பெண்களை ஒரே குரலில் கூப்பிடலாம், ஆனால் மூவருடைய பெயரும் ஒன்றல்ல.

ஜப்பானியப் பெயரின் பொருள் அது எழுதப்படும் எழுத்தில் தங்கியிருக்கிறது. இந்த ஒன்றைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டால் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக விளங்கும். ஜப்பானியக் கதைகளை மொழிபெயர்ப்பவர்கள், தம் கதையில் வரும் ஜப்பானியப் பெண்ணுக்குப் பெயர் தேடுபவர்கள், ஜப்பானியத் தோழியின் பெயரை அதற்குரிய பொருளோடு அறிய விரும்புபவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து, நான் பின்பற்றும் வழியை இங்கே எழுதுகிறேன்.

பெயரைப் பிரித்து ஒலியைச் சரிசெய்தல்

ஜப்பானிய வழக்கில் குடும்பப் பெயர் முன்னும் இட்ட பெயர் பின்னும் வரும், நடுப்பெயர் கிடையாது. யோசானோ அகிகோ என்னும் கவிஞரின் பெயரில் யோசானோ என்பது குடும்பப் பெயர், அகிகோ என்பது அவருடைய பெயர். ஆங்கில வழியாக வரும் நூல்களில் இந்த வரிசை பெரும்பாலும் மாற்றப்பட்டிருக்கும் என்பதால், எது எதுவென்று உறுதிசெய்த பிறகே மேலே செல்ல வேண்டும்.

அடுத்தது உயிரொலியின் அளவு. ஜப்பானிய மொழியில் குறிலும் நெடிலும் பொருளை வேறுபடுத்தும். யுகோ வேறு, யூகோ வேறு. ரோமன் எழுத்தில் நெடிற்குறி இடாமல் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. தமிழ் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்டத் தனி முயற்சியே வேண்டாம் என்பது நமக்கு வாய்த்த வசதி. அதை வீணாக்கக் கூடாது. எனினும் தமிழ் எழுத்து நம்மைத் தடுமாறவைக்கும் இடங்களும் உண்டு. சொல்லின் நடுவில் வரும் தனிக் ககரத்தை நாம் மெலிதாக ஒலிப்போம். ஜப்பானியப் பெண் பெயர்களின் இறுதியில் வரும் ‘கோ’வோ ‘கொடி’ என்பதன் முதலெழுத்தைப்போல் வல்லொலியாகவே நிற்கும். அதைக் காட்டுவதற்காக ‘யூக்கோ’ என்று இரட்டித்து எழுதினால் இன்னொரு பிழை நேரும், ஏனென்றால் மெய்யொலி இரட்டிப்பதும் ஜப்பானிய மொழியில் பொருளை மாற்றும். மேலும், அந்தக் ‘கோ’ உண்மையில் குறில். ஒகரக் குறிலில் சொல் முடிவது தமிழ் மரபன்று என்பதால்தான் நெடிலாக எழுதுகிறோம். பெயரிறுதி ஆகாரமும் ஏகாரமும் பெரும்பாலும் இப்படிப்பட்டவையே. இக்கட்டுரையில் நான் ‘கோ’ என்றே எழுதுகிறேன். படிப்பவர் அதை வல்லொலியாகவும் குறுக்கியும் ஒலித்துக்கொள்ள வேண்டும். சகரத்தின் வல்லொலியைக் காட்ட மட்டும் ‘ச்ச’ என்று இரட்டித்திருக்கிறேன்.

எந்த எழுத்து என்று கேளுங்கள்

ஜப்பானிய மொழியை மூவகை எழுத்துகளால் எழுதுகிறார்கள். ஹிரகானாவும் கதகானாவும் ஒலியெழுத்துகள். சீனத்திலிருந்து வந்த கான்ஜியோ சொல்லெழுத்து. ஒவ்வோர் எழுத்தும் தனக்கென ஒரு பொருளை உடையது. பெண்ணின் பெயரை இம்மூன்றில் எதனாலும் எழுதலாம், கலந்தும் எழுதலாம். சகுரா என்று ஹிரகானாவில் மட்டும் எழுதப்பட்ட பெயரைப் பார்த்தால் பெற்றோர் மென்மையான வரிவடிவத்தை விரும்பியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். பொருளைப் பொறுத்தவரை அது செர்ரி மலர்தான், தேடவேண்டியது ஒன்றுமில்லை. கான்ஜி வரும்போதுதான் வேலை தொடங்குகிறது.

கான்ஜியில் எழுதப்படும் பெயரைக் காதால் மட்டும் கேட்டு அதன் பொருளை ஜப்பானியர்களாலும் சொல்ல இயலாது. ஆகவே அறிமுகமாகும் இருவரிடையே ‘எந்த எழுத்துகளால் எழுதுவீர்கள்?’ என்ற கேள்வி இயல்பாக எழும். அதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. விடையும் ஒரு மரபில் வரும். யோகோ என்ற பெண், ‘தையோ என்பதில் வரும் யோ, கொதொமோ என்பதில் வரும் கோ’ என்பார். தையோ என்றால் சூரியன், கொதொமோ என்றால் குழந்தை. எனவே அவர் பெயர் கதிரொளியின் குழந்தை. இன்னொரு யோகோ பெருங்கடலைக் குறிக்கும் எழுத்தைச் சொல்வார். 1933-ல் டோக்கியோவில் பிறந்த கலைஞர் ஓனோ யோகோவின் பெயர் அப்படிப்பட்டது. இலையைக் குறிக்கும் எழுத்தாலும் தோற்றப் பொலிவைக் குறிக்கும் எழுத்தாலும் எழுதப்படும் யோகோக்களும் உண்டு. நேரில் கேட்க வாய்ப்பில்லாதபோது அந்தப் பெயரின் ஜப்பானிய வரிவடிவத்தைத் தேடியெடுத்து, எழுத்து எழுத்தாக அகராதியில் பார்க்க வேண்டும். வரிவடிவம் கிடைக்காவிட்டால் பொருள் எழுதாமல் விட்டுவிடுவதே நேர்மை என்பது என் கருத்து.

எழுத்து கிடைத்துவிட்டாலும் ஒலிப்பு கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். நற்பேறு, குழந்தை என்னும் இரண்டு எழுத்துகளை அடுத்தடுத்து எழுதினால் அதைச் சச்சிகோ என்றும் படிக்கலாம், யுகிகோ என்றும் படிக்கலாம். எது சரி என்பதைப் பெயருக்கு உரியவரே சொல்ல வேண்டும். ஒரு கான்ஜிக்குச் சீன வழியில் வந்த ஒலிப்பு ஒன்றும் ஜப்பானியச் சொல்லின் ஒலிப்பு ஒன்றும் இருப்பது வழக்கம். முதலாவதை ஓன்யோமி என்றும் இரண்டாவதைக் குன்யோமி என்றும் சொல்வார்கள். இவற்றுக்கு அப்பால் பெயர்களில் மட்டும் வழங்கும் ஒலிப்புகளுக்கு நானோரி என்று பெயர். இணக்கத்தையும் அமைதியையும் குறிக்கும் எழுத்தின் சீன வழி ஒலிப்பு ‘வா’. ஆனால் கசுகோ என்ற பெயரில் அதே எழுத்து ‘கசு’ என்று ஒலிக்கிறது. சாதாரண அகராதியில் ‘கசு’வைத் தேடி ஏமாந்து பெயரையே தவறென்று முடிவுகட்டுபவர்கள் உண்டு; நானோரி ஒலிப்புகளையும் தரும் கான்ஜி அகராதியைக் கையில் வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

முன்னே சொன்ன யோசானோ அகிகோவின் பெயரைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். அவர் 1878-ல் ஒசாகாவுக்குத் தெற்கேயுள்ள சகாய் நகரில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் ஷோ. கவிதை எழுதத் தொடங்கியபோது ‘ஷோ’ என்று சீன வழியில் ஒலிக்கும் ஒரு கான்ஜியைத் தேர்ந்தெடுத்து, அதனோடு ‘கோ’வைச் சேர்த்துக்கொண்டார். சூரியனைக் குறிக்கும் வடிவத்தை மூன்று முறை, மேலே ஒன்றும் கீழே இரண்டுமாக அடுக்கினால் கிடைப்பது அந்த எழுத்து. படிகம், பளிங்கொளி என்பன அதன் பொருள். பெயர்களில் அதே எழுத்தை ‘அகி’ என்றும் ஒலிக்கலாம் என்பதால், புதிய பெயர் அகிகோ ஆயிற்று. காதில் விழும் அகிகோவுக்குள் அவருடைய பழைய ஷோ எழுத்து வடிவில் அப்படியே இருக்கிறது. இந்த அகிகோவை ‘இலையுதிர்காலத்துக் குழந்தை’ என்று எழுதுபவர் அந்த மூன்று சூரியன்களையும் அணைத்துவிடுகிறார்.

ஒலிக்காக மட்டும் வரும் எழுத்துகள்

பெயரிலுள்ள ஒவ்வோர் எழுத்தையும் பொருள்பெயர்த்தே ஆக வேண்டும் என்று நினைப்பதும் தவறு. பெண் பெயர்களில் மிகப் பரவலாக வரும் ‘ந’ ஒலிக்குரிய எழுத்து ஒன்று, சீனத்தில் ஒருவகை ஆப்பிள் மரத்தைக் குறித்தது. ஜப்பானியப் பெயரில் அதைப் பார்ப்பவருக்கு மரம் நினைவுக்கு வருவதில்லை. பழைய தலைநகரமான நாராவின் பெயரில் முதலாவதாக நிற்கும் எழுத்து என்ற நினைவே வரும். ஹிரகானாவின் ‘ந’ பிறந்ததும் அந்த எழுத்தின் குறுக்கெழுத்து வடிவிலிருந்துதான். அதேபோல் ‘அ’ ஒலிக்காக வரும் ஓர் எழுத்துக்கு அகராதிப் பொருள் ‘அடுத்தது, இரண்டாந்தரமானது’. ஆசியாவைச் சுருக்கி எழுதவும் அது பயன்படுகிறது. இந்த எழுத்தோடு அழகைக் குறிக்கும் எழுத்து சேர்ந்த அமி என்ற பெயரை ‘இரண்டாந்தர அழகு’ என்று பெயர்ப்பது எத்தனை பெரிய அநியாயம்! ‘மி’ அழகுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது, ‘அ’ ஒலிக்காக வந்தது என்று குறிப்பெழுதினால் போதும்.

அந்த ‘மி’யையும் கவனிக்க வேண்டும். அழகைக் குறிக்கும் அந்தக் கான்ஜி, செம்மறியாடு, பெரியது என்னும் இரண்டு வடிவங்கள் சேர்ந்து ஆனது. மனாமி, அகெமி, யுமி, மிசாகி, மிகா என்று முன்னும் பின்னும் அது வந்துகொண்டேயிருக்கும். ஆனால் யுமி என்ற பெயரை வில் என்னும் பொருளுடைய ஒரே எழுத்தாலும் எழுதலாம். மற்ற ஈறுகளை விரைவாகச் சொல்லிவிடலாம்: ‘எ’ என்பது அருள், கிளை, ஓவியம், விரிகுடா இவற்றில் ஏதேனுமாக இருக்கும், ‘கா’ என்பது மலர் அல்லது நறுமணம், ‘ஹோ’ என்பது நெற்கதிர் அல்லது பாய்மரத்துணி, ‘நே’ என்பது பெரும்பாலும் இசையொலி. எல்லாமே ‘பெரும்பாலும்’தான், எழுத்தைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

‘கோ’ வந்த வழி

ஒரு பெயரின் தோற்றத்தை அறிய வேண்டுமானால் அது எந்தக் காலத்தில், எந்தக் குடியில் வழங்கியது என்று பார்க்க வேண்டும். இதற்குக் ‘கோ’ என்ற ஓர் ஈற்றைப் பின்தொடர்ந்தாலே பாதி வரலாறு கிடைத்துவிடும்.

குழந்தையைக் குறிக்கும் இந்த எழுத்து முற்காலத்தில் பெண்ணுக்கே உரியதாக இருக்கவில்லை. 607-ல் சீனத்தின் சுயி அரசவைக்குத் தூதராகச் சென்ற ஓனோ நோ இமோகோ ஓர் ஆண். ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 809 முதல் 823 வரை ஆண்ட பேரரசர் சாகா தம் பெண்மக்களுக்குக் ‘கோ’வில் முடியும் பெயர்களை இட்டார், அதிலிருந்து அது அரசகுடிப் பெண்களின் அடையாளமாயிற்று. பத்தாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பேரரசர் இச்சிஜோவின் தேவியராக இருந்த தெய்ஷி, ஷோஷி இருவரின் பெயரிலும் இறுதியெழுத்து இதுவே. ‘கோ’ எங்கே என்று கேட்கலாம். அந்தப் பெண்களின் பெயர்கள் அவர்கள் காலத்தில் எப்படி ஒலிக்கப்பட்டன என்பது உறுதியாகத் தெரியாத நிலையில், பிற்கால அறிஞர்கள் சீன வழி ஒலிப்பையே பயன்படுத்துகிறார்கள். அதில் ‘கோ’ என்பது ‘ஷி’ ஆகிவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. ஷோஷியின் அவையில் இருந்த முரசாகி ஷிகிபுவின் பெயரையும் தெய்ஷியின் அவையில் இருந்த செய் ஷோனகோனின் பெயரையும் பெண் பெயர்ப் பட்டியலில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் பெற்றோர் இட்ட பெயர்கள் அல்ல. ஷிகிபு என்பது சடங்குகளைக் கவனிக்கும் அமைச்சகத்தின் பெயர், ஷோனகோன் என்பது இளநிலை ஆலோசகர் பதவி. குடும்பத்து ஆண்கள் வகித்த பதவிகளைக்கொண்டு அவைப் பெண்களை அழைப்பது அக்கால வழக்கம். முரசாகி என்பது ஊதா நிறம். அவரே படைத்த கதைத்தலைவியின் பெயர் அவர்மேலேயே நிலைத்துவிட்டது. உலகம் கொண்டாடும் இவ்விரு எழுத்தாளர்களின் சொந்தப் பெயர் இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போனது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

பொதுமக்கள் வீட்டுப் பெண்களுக்கு நெடுங்காலம் ஈரசைப் பெயர்களே இருந்தன. அவை பெரும்பாலும் ஒலியெழுத்தால் எழுதப்பட்டன. ஹரு வசந்தம், கிகு செவ்வந்தி, உமே பிளம் இன மரத்தின் முன்வசந்தப் பூ, ட்சுரு கொக்கு, கமே ஆமை. கடைசி இரண்டும் நீண்ட ஆயுளின் சின்னங்கள். 1868 வரை நீடித்த எடோ காலத்தில் இப்பெயர்களின் முன் மரியாதைக்காக ‘ஒ’ சேர்த்து ஓஹரு, ஓகிகு என்று அழைத்தார்கள்; அந்த ‘ஒ’ பெயரின் பகுதியன்று. தோமே, சுயே என்ற பெயர்களும் உண்டு. தோமே என்றால் நிறுத்து, சுயே என்றால் கடைசி; இதற்குமேல் பிள்ளை வேண்டாம் என்ற பெற்றோரின் எண்ணம் பெயராகி நின்றது. ‘போதும்பொண்ணு’ என்ற பெயரை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மெய்ஜி காலத்தில், 1868-க்குப் பிறகு, அரசகுடியின் ‘கோ’ மற்ற வீடுகளுக்கும் இறங்கி வந்தது. அந்த மாற்றத்தை ஜப்பானின் 5,000 யென் தாளில் வந்த இரண்டு பெண்களின் பெயரிலேயே காணலாம். 2004 முதல் அத்தாளில் இடம்பெற்ற எழுத்தாளர் ஹிகுச்சி இச்சியோ 1872-ல் பிறந்தவர். பதிவேட்டுப் பெயர் நட்சு. இச்சியோ என்பது புனைபெயர். தம் கைப்பட அவர் நட்சுகோ என்றும் எழுதிக்கொண்டார். 2024-ல் அந்த இடத்துக்கு வந்த கல்வியாளர் ட்சுதா உமேகோ 1864-ல் பிறந்தபோது வைத்த பெயர் வெறும் உமே. ஒலியெழுத்தில் ‘முமே’ என்று எழுதப்பட்டது. 1871-ல், ஆறு வயதில், அரசு அனுப்பிய மாணவியாக அமெரிக்காவுக்குக் கப்பலேறிய அந்தச் சிறுமி, 1902-ல்தான் பதிவேட்டில் கான்ஜியோடும் ‘கோ’வோடும் உமேகோ ஆனார். இருவருமே பிறக்கும்போது ‘கோ’ இல்லாதவர்கள்.

மெய்ஜி யாசுதா என்னும் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் வெளியிடும் பெயர் வரிசை 1912-இலிருந்து தொடங்குகிறது. பெயர்களின் காலத்தை அறிய அதைவிட எளிய கருவி இல்லை. 1926-இன் இறுதியில் ஷோவா ஆட்சிக்காலம் தொடங்கியதும், அந்தச் சொல்லின் இரண்டாம் எழுத்தைக்கொண்ட கசுகோ முதலிடத்துக்கு வந்து பல ஆண்டுகள் அங்கேயே இருந்தது. அதற்கு முந்திய தைஷோ காலத்திலும் அவ்வாறே ‘ஷோ’வுக்குரிய எழுத்தை வைத்து மசாகோ என்று பலர் பெயரிட்டார்கள். கசுகோ என்ற பெயருடைய மூதாட்டியைச் சந்தித்தால் அவர் பிறந்த காலத்தை ஏறத்தாழ ஊகித்துவிடலாம். பின்னர் கெய்கோ, யுமிகோ என்று தொடர்ந்த அந்த அலை 1980-களில் அடங்கியது. அன்பைக் குறிக்கும் ஒற்றையெழுத்துப் பெயரான அய் முன்னுக்கு வந்தது. ‘கோ’ அடியோடு மறைந்துவிடவில்லை. ரிகோ, நானாகோ போன்ற பெயர்கள் புதுமையாகவே கருதப்படுகின்றன. அரசகுடும்பத்தில் பிறக்கும் பெண்களுக்கு அது இன்றும் மாறாத மரபு. 2001-ல் பிறந்த இளவரசி அய்கோவின் பெயரைப் பழஞ்சீன மெய்யறிஞர் மென்சியஸின் வாக்கிலிருந்து எடுத்தார்கள்: பிறரிடம் அன்புசெய்பவரிடம் பிறரும் எப்போதும் அன்புசெய்வர், பிறரை மதிப்பவரைப் பிறரும் எப்போதும் மதிப்பர். முதற்பகுதியின் அன்பு அவர் பெயராயிற்று, பிற்பகுதியின் மதிப்பு அவருடைய பட்டப்பெயரான தோஷி ஆயிற்று.

‘கோ’வில் முடியும் எல்லாமே பெண் பெயர் என்றும் எண்ணிவிடக் கூடாது. கசுஹிகோ, அகிஹிகோ ஆகியவை ஆண் பெயர்கள். அவற்றின் இறுதியில் நிற்பது ‘ஹிகோ’ என்று படிக்கப்படும் வேறோர் ஒற்றையெழுத்து. மசாமி, ஹிரோமி, கவோரு, அவோய் போன்றவை இருபாலருக்கும் வழங்குபவை.

பருவம், செடி, நூல்

இயற்கையிலிருந்து எடுத்த பெயர்களில் மாதப் பெயர்களை முதலில் அறிந்துகொள்வது நல்லது. பழைய நாட்காட்டியின் மூன்றாம் மாதம் யாயோய், ஐந்தாம் மாதம் சட்சுகி, எட்டாம் மாதம் ஹசுகி. அந்தந்த மாதத்தில் பிறந்த பெண்களுக்கு இவை இயல்பாக வாய்க்கும். செடிகளில் எனக்கு மிகப் பிடித்தது கயேதே என்னும் மேப்பிள் மரம். தவளையின் கை என்று பொருள்படும் பழஞ்சொல் மருவி அந்தப் பெயர் வந்தது. விரல் விரித்த அந்த இலையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் உடனே விளங்கும். மிதோரி இன்று பச்சை நிறத்தைக் குறித்தாலும் முதலில் இளந்தளிரையே குறித்தது. அகானே என்பது வேரிலிருந்து சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி இனச் செடி. மாலைச் செவ்வானத்துக்கும் அந்தச் சொல்லை ஆள்வார்கள். மியோ என்று படிக்கப்படும் ஒற்றையெழுத்து ஒன்று, ஆழமற்ற நீரில் படகு செல்லும் தடத்தைக் குறிக்கிறது. அண்மைக் காலத்தில் பலரும் விரும்பும் ட்சுமுகி, பட்டுப்பஞ்சிலிருந்து கையால் நூற்ற இழையைக்கொண்டு நெய்யும் துணியின் பெயர்; இதில் வரும் ககரத்தை மட்டும் மெலிதாகவே ஒலிக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து சென்ற சொற்கள்

தமிழ் வாசகர்கள் நின்று பார்க்க வேண்டிய பகுதி இது. பௌத்தத்தோடு சீனம் சென்று அங்கிருந்து ஜப்பானை அடைந்த இந்தியச் சொற்கள் சில இன்று ஜப்பானியச் சிறுமிகளின் பெயர்களாக இருக்கின்றன.

ரூரி என்று நாம் எழுதக்கூடிய ருரியை எடுத்துக்கொள்வோம். வைடூரியம் என்னும் சொல்லைச் சீனர்கள் ஒலிபெயர்த்தபோது அதற்கென எழுத்துகளை அமைத்தார்கள். முதலசை தேய்ந்து மீதி நின்றது ஜப்பானில் ருரி ஆயிற்று. வைடூரியம் என்றால் நாம் பூனைக்கண்போல் ஒளிரும் கல்லை நினைப்போம். ஜப்பானியருக்கு ருரி ஆழ்ந்த நீலக்கல், அந்த நீலமும்தான். நோய் தீர்க்கும் புத்தரான யாகுஷியின் தூய உலகுக்கு ஜோருரி, அதாவது தூய வைடூரியம் என்று பெயர். ஜோருரி என்ற பெயருடைய இளவரசியின் காதல் கதையை இசையோடு சொல்லிவந்த கலை வளர்ந்து, பொம்மலாட்டத்தோடு இணைந்து, அவள் பெயரையே தன் பெயராகக் கொண்டது.

மாரி என்று ஒலிக்கும் பெயர்களில் ஒன்று மல்லிகையைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளால் எழுதப்படுகிறது. மல்லிகா என்னும் சொல் சீனத்தில் ‘மோலி’ ஆகி, அதே எழுத்துகள் ஜப்பானில் மாரி என்று படிக்கப்படுகின்றன. 1884 முதல் 1888 வரை ஜெர்மனியில் பயின்ற எழுத்தாளர் மோரி ஓகாய், 1903-ல் பிறந்த மகளுக்கு இந்தப் பெயரையே இட்டார். ஐரோப்பியர் காதிலும் இயல்பாக விழ வேண்டும் என்பது அவருடைய விருப்பம். 1909-ல் பிறந்த இன்னொரு மகளுக்கு அன்னு என்று பெயரிட்டதும் அந்த எண்ணத்தில்தான். ஐரோப்பியப் பெயர்போல் ஒலிக்கும் அந்த மாரிக்குள் நம்முடைய மல்லிகை இருக்கிறது.

சரா என்ற பெயர் சால மரம். குசிநகரில் புத்தர் இரண்டு சால மரங்களுக்கிடையே பரிநிர்வாணம் அடைந்தார் என்பதால் பௌத்தர்களுக்கு அது புனித மரம். ஆனால் ஜப்பானின் குளிரில் சால மரம் வளர்வது அரிது. கோயில் தோட்டங்களில் நட்சுட்சுபாகி என்னும், கோடையில் வெண்மலர் பூக்கும் வேறொரு மரத்தையே அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். ஆகவே அந்த எழுத்துகளால் மகளுக்குச் சரா என்று பெயரிடும் தாயின் மனத்தில் இருப்பது பெரும்பாலும் அந்த வெள்ளைப் பூவாகவே இருக்கும். புத்தரின் அன்னை மாயாவின் பெயரும் மாயா என்றே வழங்குகிறது.

இங்கும் முதல் விதி மாறாது. ‘மெல்லிய பட்டு’, ‘நன்று’ என்னும் எழுத்துகளால் எழுதப்படும் சராவுக்கும் சால மரத்துக்கும் தொடர்பில்லை. ‘உண்மை’ என்ற சொல்லின் எழுத்துகளால் எழுதப்படும் மாரிக்கும் மல்லிகைக்கும் தொடர்பில்லை. மினா, மனா, ரினா என்று நம் காதுக்குப் பழக்கமாக ஒலிக்கும் பெயர்களைக் கண்டு உறவு கொண்டாடிவிடவும் கூடாது.

சட்டம் அனுமதிக்கும் எழுத்துகள்

பெயர் தேர்ந்தெடுப்பவர் அறிய வேண்டியது இன்னொன்று உண்டு. ஜப்பானில் பிறந்த குழந்தையின் பெயரை 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். ஏழாம் நாள் இரவில் பெயரைத் தூரிகையால் எழுதி வீட்டில் வைப்பது பழைய வழக்கம். 1948 முதல் நடைமுறையில் உள்ள குடும்பப் பதிவேட்டுச் சட்டம், பெயருக்கு எளிய பொதுவழக்கு எழுத்துகளையே பயன்படுத்த வேண்டும் என்கிறது. தொடக்கத்தில் 1,850 கான்ஜிகளே அனுமதிக்கப்பட்டன. இன்று பொதுவழக்கு எழுத்துகள் 2,136, பெயர்களுக்கென்றே அனுமதிக்கப்பட்டவை 863. ஒரு பெயர் எப்போது பரவத் தொடங்கியது என்பதற்கு இந்தப் பட்டியலே சில நேரம் விடையாகும். அவோய், அகானே, நகிசா, ஹிதோமி ஆகிய பெயர்களின் ஒற்றைக் கான்ஜிகள் 1976-ல் சேர்க்கப்பட்ட 28 எழுத்துகளில் அடங்கியவை. 2004-ல் 578 எழுத்துகளைக் கொண்ட முன்வரைவு வெளியானபோது, சாணம், பிணம், புற்றுநோய் இவற்றைக் குறிக்கும் எழுத்துகளும் அதில் இருப்பதைக் கண்டு மக்கள் எதிர்த்தார்கள். அவற்றை நீக்கிய பிறகு 488 எழுத்துகள் சேர்க்கப்பட்டன. ஸ்ட்ராபெரியைக் குறிக்கும் எழுத்து அப்போது வந்ததே.

எழுத்துக்குக் கட்டுப்பாடு இருந்ததே தவிர ஒலிப்புக்கு இருக்கவில்லை. பதிவேட்டில் ஒலிப்பே இடம்பெறாமல் இருந்தது. 2025 மே 26 முதல் பெயரின் ஒலிப்பும் பதியப்படுகிறது. அந்த எழுத்துக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட ஒலிப்பாக அது இருக்க வேண்டும்.

கதைக்குப் பெயர் தேடுபவர்களுக்கு

கதாபாத்திரத்துக்குப் பெயர் வைப்பவர் பொருளைத் தேடுவதற்கு முன் அவள் பிறந்த ஆண்டை முடிவுசெய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். 1905-ல் ஒரு வேளாண் குடும்பத்தில் ஐந்தாவது பெண்ணாகப் பிறந்தவள் தோமேயாக இருக்கலாம், ஒலியெழுத்தில் எழுதுங்கள். அவளுடைய மகள் 1930-ல் பிறந்தால் கசுகோ. பேத்தி 1962-ல் பிறந்து யுமிகோ ஆகலாம், அவளுடைய மகள் 1986-ல் அய். 2019-ல் பிறக்கும் சிறுமிக்கு, கதிரொளியையும் அவோய் என்னும் பூச்செடியையும் குறிக்கும் இரண்டு எழுத்துகளை இணைத்து ஹிமாரி என்று பெயரிடலாம். சூரியகாந்தியை ஜப்பானியர் ஹிமவாரி என்பார்கள். அந்தப் பூவின் பெயரை எழுதும்போது வரும் கடைசி எழுத்து இந்த ஹிமாரியின் பெயரிலும் இறுதியில் நிற்கிறது.